சட்டையைக் கழற்றிய வருஷம்

எனக்குக் கோச் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது டவுனில் ஜிம் வைத்திருக்கிற பையன்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வியே "உங்களுக்கு யாரு சார் கோச்?" என்பதுதான். அவன்களுக்கு மூச்சு விடக்கூட ஒரு ஆள் சொல்லித் தரவேண்டும். எனக்கு நான்தான் கோச். வந்த பலனும் என்னுடையது, மேடையில் பட்ட பாடும் என்னுடையது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும். எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில், மன்னார்குடிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. நாங்கள் கூலிக்காரர்கள். அப்பா அந்தக் காலத்துப் பண்ணையாள். பிறகு சட்டம் வந்தது, சங்கம் வந்தது, பண்ணையாள் என்கிற பேர் போய் விவசாயத் தொழிலாளி என்று பேர் வந்தது. வேலை அதேதான். குடியிருந்த மனைக்கு மட்டும் சர்க்கார் பட்டா கொடுத்திருந்தது, அதனால் சட்டிபானையைத் தூக்கி வெளியே எறிந்து யாரும் விரட்ட முடியாது. அது பெரிய விஷயம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

முந்தின வருஷம் நெல் மூட்டை ஏற்றிய லாரியோடு தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். மில்லில் இறக்கிவிட்டு, மேலெல்லாம் உமித் தூசியோடு டீ குடிக்கப் போனால், பக்கத்து மண்டபத்தில் ஒரே கைதட்டல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆணழகன் போட்டியாம். மேடையில் ஏழெட்டுப் பேர் ஜட்டியோடு நின்று நெஞ்சை விரிக்கிறார்கள், கையை மடக்குகிறார்கள், வேட்டி கட்டின பெரிய மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து உற்றுப் பார்த்து மார்க் போடுகிறார்கள். ஜெயித்தவன் நல்ல சிவப்பு, எண்ணெய் தடவி மினுமினு என்றிருந்தான். ஆயுசில் ஒரு மூட்டை தூக்கியிருக்க மாட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பொறாமையும் வந்தது. பொறாமை என்றால் வயிறெரிகிற பொறாமை.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். எங்களை யாரும் உடம்பு என்று பார்த்தது கிடையாது. 'ஆள்' என்றுதான் பார்ப்பார்கள். நாற்றுப் பறிக்க நாலு ஆள் அனுப்பு, வரப்பு வெட்ட ரெண்டு ஆள் அனுப்பு. எந்த ஆள் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். அந்த மண்டபத்தில் ஒரு மனுஷன் சும்மா நிற்கிறான், அவன் கெண்டைக்காலை ஐந்து பேர் குனிந்து பார்க்கிறார்கள். என் உடம்பையும் ஒரே ஒரு தடவை அப்படி நிற்க வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. வேறு காரணம் எதுவும் கிடையாது. வேலை கிடைக்கும், போலீசில் சேர்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

ஊருக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கிணற்றுத் தண்ணீரில் பார்த்துக்கொண்டேன். சரியாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த கண்ணாடியில் மூக்கைப் பார்த்தால் வாய் தெரியாது. மன்னார்குடியில் எனக்கு முடி வெட்டுகிற சலூன்காரர் ஒருவர் இருந்தார். ஊர்ச் சலூனில் எங்களுக்கு அப்போது வெட்டமாட்டார்கள், அதனால் பஸ் ஏறிப் போவோம். அவர் கடையில் எதிரும் புதிருமாகப் பெரிய கண்ணாடி. கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் கதவைச் சாத்திவிட்டு, "கழட்டு பாப்போம்" என்றார். கழற்றினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உடம்பெல்லாம் சரிதான் தம்பி. ஆனா கோணலா இருக்கியே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. வலது தோள் பனங்காய் மாதிரி, இடது தோள் சப்பை. முதுகிலும் வலது பக்கம் மட்டும் கட்டிக்கட்டியாக இருக்கிறது. மண்வெட்டி பிடிக்கிற கை, மூட்டை தூக்குகிற தோள், அதுதான் காரணம். உழைத்த உடம்பு அழகான உடம்பு என்று மேடையில் பேசுகிறார்களே, அது சும்மா. கூலி வேலை உடம்பை வளர்க்காது, தனக்குத் தேவையான இடத்தை மட்டும் வளர்த்துக்கொள்ளும். பாக்கியை அப்படியே போட்டுவிடும்.

அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். மறுநாளிலிருந்து மண்வெட்டியை இடது கைக்கு மாற்றிப் பிடித்தேன். மூட்டையை இடது தோளுக்கு மாற்றினேன். ஐயோ, அந்த முதல் மாசம்! வெட்டுகிற மண் ஒரு பக்கம் விழுந்தால் நான் ஒரு பக்கம் விழுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் "என்னடா, புதுப் பொண்ணு மாதிரி புடிக்கிற" என்று சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். பண்ணைக் காரியக்காரர் வரப்பில் நின்று, "ஏண்டா, கையில என்ன நோவா? நேராப் புடிச்சு வெட்டுடா" என்று கத்துவார். நான் இடது கையாலேயே வெட்டுவேன். அவருக்கு வரப்பு ஆகவேண்டும், எனக்கு இடது தோள் ஆகவேண்டும்.

பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் உடற்பயிற்சிப் புத்தகம் கிடைத்தது. படம்தான் எனக்குப் புரியும். எழுத்தைச் சலூன்காரர் படித்துச் சொல்லுவார். அவர் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனவர், தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்தவே மாட்டார், தானாக ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டு போவார். அதில் இரும்பு, கப்பி, பெஞ்சு என்று என்னென்னவோ இருந்தது. நான் பெயிண்ட் டப்பாவில் சிமென்ட்டைக் கொட்டி நடுவில் பைப்பைச் சொருகி டம்பெல்ஸ் செய்தேன். உடைந்த மாட்டு வண்டியின் இரும்பு அச்சு ஒன்று கிடந்தது. அதில் இரண்டு பக்கமும் மண் மூட்டையைக் கட்டினால் பார்பெல். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால், விடியற்காலையில். தண்ணீர் குறைந்த வருஷத்தில் மேல் மதகுக்கு ஒரு நாள், கீழ் மதகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து விடுவார்கள் அல்லவா, அதே மாதிரி நானும் இடுப்புக்கு மேலே ஒரு நாள், இடுப்புக்குக் கீழே ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டேன். பின்னாளில் அதுதான் சரியான முறை என்று ஒரு ஜிம் வாத்தியார் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. புத்தகத்தில் கறி, மீன், முட்டை என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. கறிக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் வாய்க்காலில் கெளுத்தி இருந்தது, வரப்பில் நண்டு இருந்தது, சேற்றில் நத்தை இருந்தது. அறுத்த வயலில் எலி பிடிப்போம். சொன்னால் இப்போது என் மருமகள் முகத்தைச் சுளிப்பாள், சுளித்துக்கொள்ளட்டும். உளுந்தை ஊறவைத்து அம்மா ஆட்டித் தருவாள். "நண்டு தின்னே வளந்த பய, இப்ப நண்டுக்கு இங்கிலீசுல பேரு சொல்றான்" என்பாள். அவளுக்கு இதெல்லாம் எதற்கென்று தெரியாது. உடம்பைத் தேற்றுகிறான், நல்லதுதான் என்று நினைத்திருந்தாள். அப்பாவுக்கும் அப்படித்தான்.

ஜட்டி தைக்கப் போனதைச் சொல்லவேண்டும். டவுனில் கட்சிக் கொடி தைக்கிற டெய்லர் ஒருவர் இருந்தார். எல்லாக் கட்சிக்கும் அவர்தான். அளவெடுத்துவிட்டு, "கொடித்துணி மிச்சம் இருக்கு. கறுப்பா, செவப்பா?" என்றார். சிவப்பென்றால் சங்கத்து ஆள் என்பார்கள், இரண்டும் சேர்ந்தால் அந்தக் கட்சியா இந்தக் கட்சியா என்று ஒரு சண்டை வரும். "வெறும் கறுப்பு போதுங்க" என்றேன். "அதுக்கும் ஒரு கட்சி இருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார்.

இவ்வளவும் மார்கழி வரைக்கும். அதற்குப் பிறகுதான் வினை.

பொங்கல் முடிந்து போட்டி. போஸ்டர் எங்கள் ஊர் டீக்கடைச் சுவர் வரைக்கும் வந்து ஒட்டியாயிற்று. தலைமை, பரிசு வழங்குபவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பேர் எங்கள் ஊர் மிராசுதாருடையது. எங்கள் வாயில் அவர் சின்ன ஐயா. தஞ்சாவூரில் வீடு, போட்டிக்குப் பணம் கொடுத்தது அவர்தானாம். அதே மாசத்தில் அவருடைய வயலில்தான் எங்கள் சங்கம் அறுப்பை நிறுத்தி வைத்திருந்தது. கூலி நெல் கூட்டித் தந்தால் அரிவாளை எடுப்போம், இல்லாவிட்டால் நிற்கட்டும் என்று. அவர் வெளியூர் ஆளைக் கொண்டுவருவேன் என்கிறார், நாங்கள் வரப்பில் படுத்துக் கிடப்போம் என்கிறோம், தாசில்தார் ஜீப்பில் வருவதும் போவதுமாக இருக்கிறார். அப்பா அந்தச் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள்.

டீக்கடையில் எவனோ ஒருவன் அப்பாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா எழுந்து நின்றார்.

"அவுத்துப் போட்டுட்டு நிக்கப் போறியாமே?"

"போட்டிப்பா. எல்லாரும்தான் நிக்கிறாங்க."

"எல்லாரும் நிக்கட்டும். நீ நிக்கக்கூடாது. அதுவும் அவன் முன்னாடி."

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் சட்டை போட்டுக்கொண்டு ஏர் ஓட்டுகிற ஒரே மனுஷன் அவர்தான். நடவுச் சேற்றில் இறங்கும்போதும் சட்டை, வெயிலில் களத்தில் நெல் தாள் அடிக்கும்போதும் சட்டை. வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும், கழற்றமாட்டார். வாலிப வயசில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு மிராசுதார் தெரு வழியாகப் போயிருக்கிறார். அப்போது சின்ன ஐயாவின் அப்பா இருந்தார். பண்ணையாளுக்குச் சட்டை கேட்கிறதா என்று அதைக் கழற்றச் சொல்லி, தென்னை மரத்தில் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்திருக்கிறார்கள். அந்தக் கோடுகள் அப்பா முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் இருந்தன. தாத்தா முதுகிலும் இருந்ததாம், அது வேறு காரணத்துக்கு. வீட்டில் இதைப் பற்றிப் பேசமாட்டோம். எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும்.

"சட்ட போடுறதுக்குத்தான்டா நாங்க அடி வாங்குனோம்" என்றார் அப்பா. "நீ கழட்டிட்டுப் போயி அவன் முன்னாடி நிப்பியா? அவன் நாற்காலியில குந்திக்கிட்டு ஒன் தொடையப் பாப்பானா? அவன் கையால மால வேற வாங்குவியா?"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "அவரு கழட்டச் சொல்லி நான் கழட்டல. நானாக் கழட்டுறேன். ரெண்டும் ஒண்ணா?" என்றேன்.

"பாக்குறவனுக்கு ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல."

"அப்ப போ. போயி நின்னுட்டு வந்து என்னை அப்பான்னு கூப்புடாத."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவரு ஒரு பக்கம் அறுப்ப நிறுத்திட்டாரு, நீ ஒரு பக்கம் பேச்ச நிறுத்திட்ட, நடுவுல நான் எதை வச்சுக் கஞ்சி காச்சுறது?" என்றாள். அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. நான் தின்பதைப் பார்க்கவுமில்லை. பம்புசெட் பக்கம் வந்தால் வேறு வரப்பில் ஏறிப் போவார். நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஒரு வருஷம் இடது கையால் மண் வெட்டினவன் எப்படி நிறுத்துவது? அதோடு, அவருக்குப் புரியவில்லையே என்கிற ஆத்திரம் வேறு. ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கூரைக்குள் இருப்பது பெரிய கொடுமை. அந்த நாட்களில் மூட்டையைத் தூக்கினால் பாதிக் கனம் அதுதான்.

இந்தக் கலவரத்தில்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

புத்தகத்தில் கடைசிப் பக்கம், போட்டிக்கு முன்னால் என்ன செய்யவேண்டும் என்று. சலூன்காரர் படித்தார். தண்ணீரைக் குறைக்கவேண்டும், குறைத்தால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கிற நீர் வற்றி சதை வரிவரியாகத் தெரியும் என்று சொன்னார். எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டேன். "அது போடல தம்பி, நீயே பாத்துக்க" என்றார். போட்டிருந்ததோ, அவருக்குப் புரியவில்லையோ, எனக்குத் தெரியாது.

எனக்கா தெரியாது? தண்ணீரை எப்போது வடிக்கவேண்டும் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கதிர் பழுத்துத் தலை சாய்ந்ததும், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, வரப்பை வெட்டிவிட்டு வயலில் இருக்கிற தண்ணீரை வடித்துவிடுவோம். வடித்தால்தான் மணி இறுகும், தரை காயும், அறுக்கிறவன் கால் புதையாது. நான் அப்படியே என் உடம்புக்கும் கணக்குப் போட்டேன். வயலுக்கு ஒரு வாரம் என்றால் உடம்புக்கு நாலு நாள். காலையில் ஒரு வாய் கஞ்சித் தண்ணீர், ராத்திரி ஒரு வாய், அவ்வளவுதான். மூன்றாவது நாள் உதடு வெடித்துவிட்டது. உமிழ்நீர் வரவில்லை. அம்மா பார்த்துப் பதறி, "என்னடா மூஞ்சி இப்புடிக் கெடக்கு, ஒரு சொம்புத் தண்ணியக் குடிடா" என்று கெஞ்சினாள். "மணி இறுகுதும்மா" என்றேன். எனக்கே என் அறிவு மேல் அவ்வளவு பெருமை.

பயிருக்கு வேர் மண்ணுக்குள் இருக்கிறது, ஈரத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். எனக்கு எங்கே வேர்? அது அப்போது தோன்றவில்லை.

போட்டியன்று மத்தியானமே பஸ் ஏறினேன். அப்பா வீட்டில் இல்லை. சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு மன்னார்குடியில் கூட ஏறிக்கொண்டார், கையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளாளுக்கு ஒரு கோச் கூட வந்திருக்கிறார், துண்டால் துடைத்துவிடுகிறார், காதில் சொல்கிறார். என் கோச் நான், அதனால் நானே என்னிடம், "பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டேன். சலூன்காரர் எண்ணெய் தடவிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் வரி வரியாகத் தெரிகிறதுதான், ஆனால் சதை பொங்காமல் தட்டையாக, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கிறது. மற்றவன்களுக்கு எல்லாம் உருண்டு நிற்கிறது. அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார், எண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்தார்.

கூப்பிட்டார்கள். ஏறினேன். விளக்கு வெளிச்சத்தில் முதல் வரிசை மட்டும்தான் தெரிந்தது. நடுநாயகமாகச் சின்ன ஐயா, கழுத்தில் மாலை, கையில் விசிறி. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து என்னவோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா சொன்னது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளங்காலிலிருந்து ஒரு கூச்சம் ஏறியது. திரும்பிப் போய்ச் சட்டையை மாட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போகவில்லை. எதற்குப் போகவேண்டும்? அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்தேன். நெஞ்சை விரித்தேன், கையை மடக்கினேன். பிறகு முதுகு காட்டச் சொன்னார்கள். திரும்பி நின்று இரண்டு கையையும் தூக்கி விரித்தேன். முதுகுதான் என்னிடம் இருந்ததிலேயே நல்ல சரக்கு. இடமும் வலமும் ஒரே மாதிரி வந்திருந்தது. ஒரு வருஷத்து மண்வெட்டி வீண் போகவில்லை. பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. கடைசி வரிசையில் யாரோ ஒரே ஒரு ஆள் எல்லாரும் நிறுத்தின பிறகும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது தொடை. காலை ஊன்றி முறுக்கினேன் பாருங்கள், பிடித்துக்கொண்டது. நீர் வற்றின சதை, கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. பல்லைக் கடித்தேன். கெண்டைக்காலும் சேர்ந்துகொண்டது. அப்படியே பலகையில் பொத்தென்று விழுந்தேன். இரண்டு பேர் ஓடி வந்து தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். சலூன்காரர் காலைப் பிடித்துவிட்டார். அவ்வளவுதான் என் போட்டி. மூன்று இடத்தில் ஒன்றுகூட எனக்கில்லை. இருந்திருக்கவும் கூடாது, நியாயமான முடிவுதான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பரிசு கொடுக்க எழுந்த சின்ன ஐயா மைக்கைப் பிடித்தார். "கீழ விழுந்தானே, அந்தப் பய எங்க ஊரு. இவங்க அப்பன் எங்க பண்ணையில கெடந்தவன். எங்க வயல்ல வெளஞ்ச ஒடம்பு இது! நெல்லு மட்டுமில்ல, இதுவும் வெளையும் எங்க மண்ணுல!" என்றார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அவர் கெட்ட எண்ணத்தில்கூடச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எரிகிறது. இது உங்கள் வயலில் விளைந்தது இல்லைங்க, நானே விளைவித்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. காற்றுதான் வந்தது. கோச் செய்த வேலை.

சட்டையை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தால், வாசல் பெட்டிக்கடையில் அப்பா நிற்கிறார். சங்கக் கூட்டத்துக்குப் போவதற்கென்று வைத்திருந்த வெளுத்த வேட்டி, சட்டை. கையில் ஒரு கோலி சோடாவை உடைத்து வைத்துக்கொண்டு.

"குடி" என்றார்.

குடித்தேன். இன்னொன்று உடைக்கச் சொன்னார். அதையும் குடித்தேன். மூன்றாவது முடிந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அப்பா என்று கூப்பிடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், "எப்ப வந்த?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒன்னத் தடுத்துக் கூட்டியாரத்தான் வந்தேன்" என்றார். "அதுக்குள்ள ஏத்திட்டானுவோ."

"அந்தாளு மைக்குல..."

"கேட்டேன்."

பஸ் ஏறினோம். சலூன்காரர் நடுவில் உட்கார்ந்து மன்னார்குடி வரைக்கும் மார்க் போட்டவர்களைக் கண்டபடி திட்டிக்கொண்டே வந்தார். அவர் இறங்கிப் போன பிறகும் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் தீரவில்லை, தாகத்துக்குச் சோடா வாங்கித் தந்தார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா கஞ்சி ஊற்றித் தந்தாள். குடித்துக்கொண்டிருந்தேன். அறுப்பு நின்றுபோன நாட்கள், தெருவில் ஆம்பளைகள் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் குந்திக் கிடந்தார்கள். அப்பா வாசலில் நின்று, "வெளிய வாடா" என்று கூப்பிட்டார். போனேன்.

"சட்டயக் கழட்டு."

அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்து, கரண்டியோடு ஓடி வந்து, "வேணாங்க, விழுந்து கெடக்குற புள்ளைய" என்று நடுவில் நின்றாள். அப்பா அவளை விலக்கி நிறுத்தினார்.

"கழட்டுடா. அங்க அத்தன பேருக்குக் காட்டுனில்ல? இங்க காட்டு."

கழற்றினேன். நேற்று மேடையில் வந்ததைவிடப் பெரிய வெட்கம் வந்தது. தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

"திரும்பு" என்றார். திரும்பினேன். "கையத் தூக்கு. அங்க தூக்குன மாதிரி."

தூக்கி விரித்தேன். எனக்குச் சுவர்தான் தெரிந்தது. பின்னால் அவர் கிட்டே வருவது காலடியில் தெரிந்தது. உள்ளங்கையைக் கழுத்துக்குக் கீழே வைத்தார். காய்த்த கை, சொரசொரவென்று. அப்படியே மெதுவாக இடுப்பு வரைக்கும் இறக்கினார். பிறகு வேப்பமரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"எல்லாரும் வாங்கய்யா இங்க. கிட்ட வந்து பாருங்க. எம்மவன் முதுவு. ஒரு கோடு இருக்கா பாருங்க!"